சிகாகோ பேர்ஸ் (அமெரிக்கக் கால்பந்து, என்.எஃப்.எல்.): 10வது பிக்கில் டைட் எண்ட் எடுத்தது சரியா?

செந்தூல் கரடி:

2025 டிராஃப்ட் (அணிகள் முறை வச்சு காலேஜ் ஆட்டக்காரங்களை எடுக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒரு பிக்) முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு, எனக்கு இன்னும் மனசு ஒப்பல. போன சீசன்ல (2024) நம்ம குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி எறியறவர்) கேலப் வில்லியம்ஸ் வாங்கின சாக் (எறியறதுக்கு முன்னாடி சாய்க்கப்பட்டது) 68. அணி 5-12. மார்ச்சுல லைனுக்குன்னு (குவார்ட்டர்பேக்கைக் காக்கிற அஞ்சு பேர்: நடுவுல சென்டர், ரெண்டு பக்கமும் கார்டு, ஓரத்துல டேக்கிள்) காசைக் கொட்டினாங்க, அது சரி. ஆனா ஜோ தூனி கார்டு, ஜோனா ஜாக்சன் கார்டு, ட்ரூ டால்மன் சென்டர். மூணு பேரும் நடுவுல. குவார்ட்டர்பேக்கோட முதுகைக் காக்கிற லெஃப்ட் டேக்கிள் இடத்துல இன்னும் பிராக்ஸ்டன் ஜோன்ஸ்தான். அவர் டிசம்பர்ல கணுக்கால் ஒடிஞ்சவர், ஒப்பந்தமும் இந்த வருஷத்தோட முடியுது.

இந்த நிலைமையில 10வது பிக்கைத் தூக்கி டைட் எண்ட் (பிளாக்கும் பண்ணி, பந்தும் பிடிக்கிறவர்) கோல்ஸ்டன் லவ்லண்டுக்குக் கொடுத்திருக்காங்க. அந்த இடத்துக்கு கோல் கிமெட் நம்மகிட்டதானே இருக்கார்? டைட் எண்ட்தான் வேணும்னா டைலர் வாரன் அப்ப இன்னும் பலகையில (யாரும் எடுக்காதவங்க பட்டியல்ல) இருந்தார், 14ல இண்டியானாபோலிஸ் எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் 41வது பிக்கை பஃபலோகிட்ட கொடுத்துட்டு கீழ இறங்கினாங்க, ரன்னிங் பேக்கை (பந்தைத் தூக்கிட்டு ஓடறவர்) 233ல போய் எடுத்தாங்க. கணக்கு தெரிஞ்சவங்க யாராவது விளக்குங்க. "கோச்சுக்குத் தெரியாததா" மட்டும் வேண்டாம்.

ஜெலுத்தோங் லைன்மேன்:

தம்பி, கோபம் நியாயம்தான், ஆனா பலகையில யார் மிச்சம் இருந்தாங்கன்னு பாத்துட்டுக் கோபப்படுங்க. நம்ம முறை வர்றதுக்குள்ள மூணு டேக்கிள் போயாச்சு: வில் கேம்பெல் 4ல நியூ இங்கிலாந்து, அர்மாண்ட் மெம்பூ 7ல ஜெட்ஸ், கெல்வின் பேங்க்ஸ் 9ல நியூ ஆர்லியன்ஸ். அதுக்கப்புறம் டேக்கிளாவே ஆட வைக்கன்னு ஒருத்தரை எடுத்தது 29ல, வாஷிங்டன், ஜாஷ் கொனர்லியை. நம்ம 10க்கும் அதுக்கும் நடுவுல 18 பிக். அத்தனை டீமும் கண்ணை மூடிக்கிட்டா உக்காந்திருந்தாங்க? ஜாஷ் சிமன்ஸ் அக்டோபர்ல முழங்கால் போனவர், 32 வரைக்கும் இறங்கிட்டார். 10ல டேக்கிள் எடுத்திருந்தா அது பசிக்கு எடுத்த பிக்கா இருந்திருக்குமே தவிர, அந்த இடத்துக்குத் தகுந்த பிக்கா இருந்திருக்காது.

இப்ப காசு ஏன் நடுவுக்குப் போச்சுன்னு பாருங்க. எட்ஜ் பக்கம் (லைன் ஓரத்துல) எதிரணி ஆள் ஒருத்தன் டேக்கிளைச் சுத்தி வந்தா, குவார்ட்டர்பேக் ரெண்டு அடி முன்னால ஏறி தப்பிக்கலாம், சுத்தி வந்தவன் பின்னால தாண்டிப் போயிடுவான். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவுல ஒருத்தன் உடைச்சிட்டு வந்தா முன்னால ஏற இடமே கிடையாது. பின்வாங்கினா எட்ஜ்காரன் மடியில போய் விழணும். கேலப் பந்தை நேரம் கடந்து வச்சிருக்கிற ஆள் வேற, 68ல அவர் பங்கும் இருக்கு. அப்படிப்பட்டவருக்கு முதல்ல தேவை முன்னால ஏற ஒரு இடம்.

இன்னொண்ணு, ஸ்டண்ட், அதாவது எதிரணி ஆட்கள் ரெண்டு பேர் பாதை மாத்திக்கிறது. நடுவுல நிக்கிற டிஃபென்ஸ் டேக்கிள் வெளிய போவான், ஓரத்துல நிக்கிற எண்ட் உள்ள வளைஞ்சு வருவான். கார்டு தன் ஆளை டேக்கிள்கிட்ட ஒப்படைச்சிட்டு, வர்றவனை வாங்கணும். அரை நொடி தாமதிச்சா ஒருத்தன் சும்மா உள்ள வந்துடுவான். இது பலத்தால வர்றதில்ல, பக்கத்துல நிக்கிறவனோட பழக்கத்தால வர்றது. அதனாலதான் மூணு இடத்தையும் ஒரே மாசத்துல மாத்தினாங்க. ஜாக்சனை நம்ம கோச் பென் ஜான்சனுக்கு டெட்ராய்ட்லயே தெரியும், அவர் பாஷை புரிஞ்ச ஒருத்தர் லைன்ல இருக்கார்.

தூனியை லெஃப்ட் டேக்கிளுக்குத் தள்ளலாமேன்னு யாராவது கேக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், வேண்டாம். அவரோட பழைய அணி கன்சாஸ் சிட்டி போன சீசன் கடைசியில அதைத்தான் செஞ்சாங்க. பிப்ரவரி சூப்பர் போல்ல பிலடெல்பியா அவங்க குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஆறு தடவை சாய்ச்சாங்க, 40-22. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் ரெண்டு ஓட்டை.

பிரிக்பீல்ட்ஸ் கணக்குப்பிள்ளை:

41 பத்தி கேட்டீங்க. கொடுத்தது 41, 72, 240. வாங்கினது 56, 62, 109. பிக்குகளுக்கு மதிப்புப் புள்ளி போடற ஜிம்மி ஜான்சன் பழைய அட்டவணைப்படி 41க்கு 490, 72க்கு 230, 240க்கு ஒண்ணோ என்னவோ. மொத்தம் 721ன்னு வச்சுக்குங்க. வந்தது 340, 284, 76, ஆக 700. இருபத்தொரு புள்ளி நஷ்டம், ஆறாவது ரவுண்டுல ஒரு பிக் மாதிரி. ஆனா அந்த அட்டவணை மேல இருக்கிற பிக்குகளை ரொம்ப உசத்தி மதிப்பிடும், ரூக்கி (புதுசா வர்ற ஆள்) சம்பளத்துக்கு 2011ல வரம்பு வர்றதுக்கு ரொம்ப முந்தினது. பின்னால வந்த அட்டவணைகள்ல சரிவு மெல்லத்தான் இறங்கும், அதுல பாத்தா நாமதான் மேல. நான் ரெண்டுக்கும் நடுவுல வச்சுச் சமம்னு சொல்வேன். 56ல டேக்கிள் ஆஸி டிரபிலோ, 62ல டிஃபென்ஸ் லைனுக்கு ஷெமார் டர்னர். ரெண்டாவது ரவுண்டுல மட்டும் நாம மூணு பேர்.

39ல எடுத்த லூதர் பர்டன் எங்கிருந்து வந்தார்னு மறந்துடாதீங்க. 2023ல முதல் பிக்கை கேரலைனாவுக்கு வித்தோமே, அதோட கடைசித் தவணை அது. அந்த ஒரு வியாபாரத்துல டி.ஜே. மூர், 9வது பிக் (ஒரு படி இறங்கி டார்னெல் ரைட்), 61 (அதை வச்சு மேல ஏறி டைரிக் ஸ்டீவன்சன்), போன வருஷம் கேலப், இந்த வருஷம் பர்டன். நம்ம ஜெனரல் மேனேஜர் ரயன் போல்ஸை எதுக்கு வேணா திட்டுங்க, இதுக்குத் திட்டாதீங்க.

கேப் (அணியோட மொத்தச் சம்பள வரம்பு) விஷயம்: 2025 வரம்பு 279.2 மில்லியன் டாலர், 2024ல 255.4. கேலப்போட நாலு வருஷமும் சேர்த்து சுமார் 39.5 மில்லியன்தான். நல்ல குவார்ட்டர்பேக்குக்கு ஒரே வருஷத்துல அதைவிட அதிகம் கொடுக்கிற காலம் இது. அந்த மிச்சம்தான் டால்மனுக்கு மூணு வருஷம் 42, டாயோ ஓடெயிங்போவுக்கு மூணு வருஷம் 48ன்னு போயிருக்கு. கேலப் ரெண்டாவது ஒப்பந்தம் வாங்குறப்ப இந்த மாதிரி ஒரு மார்ச் நமக்குக் கிடைக்காது.

புக்கிட் மெர்தாஜம் 54:

லைன் சரி. எட்ஜ் (ஓரத்துல இருந்து எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தற நம்ம ஆட்கள்)? அதைப் பத்தி யாரும் வாயே திறக்க மாட்டேங்கிறீங்க. மான்டெஸ் ஸ்வெட்டுக்கு நாலு வருஷம் 98 மில்லியன், அவருக்கு எதிர்ப்பக்கம் 48 மில்லியன் கொடுத்துக் கூட்டிட்டு வந்த ஓடெயிங்போ போன சீசன்ல எடுத்த சாக் மூணு. மூணே மூணு லா. நம்மகிட்ட 10 இருந்தது, மைக்கெல் வில்லியம்ஸை 11ல சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தாங்க. ஜேலன் வாக்கர் 15 வரைக்கும் இருந்தார்.

ரன்னிங் பேக்கும் அப்படித்தான். குவின்ஷான் ஜட்கின்ஸ் 36, ட்ரெவேயன் ஹெண்டர்சன் 38, நாம 39. ஒரு பிக்குல கோட்டை விட்டாச்சு. சரி, 56ல ஆர்.ஜே. ஹார்வி இருந்தாரே, 60ல டென்வர் எடுத்தாங்க. அப்பவும் டிரபிலோ. 233ல ரட்கர்ஸ்ல இருந்து கைல் மொனங்காய். ஏழாவது ரவுண்டு ஆளை நம்பி ஒரு சீசனா?

ஜெலுத்தோங் லைன்மேன்:

ஓடெயிங்போவை சாக் கணக்குல எடை போடாதீங்க பாஸ். 2023ல அவருக்கே எட்டு இருந்தது, அந்த எண் இப்படித்தான் ஏறி இறங்கும். நம்ம டிஃபென்ஸ் கோச் டென்னிஸ் ஆலனுக்கு எண்ட் பெரிய உடம்பா இருக்கணும், நியூ ஆர்லியன்ஸ்ல கேம் ஜோர்டனை வச்சு ஆடினவர். ஓடெயிங்போ ஆறரை அடி, முதல் ரெண்டு டவுன்ல (முயற்சியில) வெளிய நின்னு ஓட்டத்தை அடைப்பார், மூணாவது டவுன்ல உள்ள நகர்ந்து கார்டு மேல போவார். 48 மில்லியன் கூடுதல்தான், அதுல உங்களோட சண்டை இல்ல. மைக்கெல் வில்லியம்ஸ் பத்தியும் ஒத்துக்கறேன். எனக்கும் 10ல முதல் யோசனை அவர்தான்.

ஹார்வி பத்தி மட்டும் இல்ல. நல்ல ரன்னிங் பேக் நாலாவது ரவுண்டுலயும் கிடைப்பான், ஆகஸ்ட்ல வேற டீம் கழட்டி விடறப்பவும் கிடைப்பான். இடது, வலது ரெண்டு பக்கமும் ஆடின ஆறடி எட்டங்குல டேக்கிள் 56க்குக் கீழ கிடைக்க மாட்டான். ஜோன்ஸுக்குக் கால் நடை நல்லா இருக்கு, ஆனா நேரா நெஞ்சுல இடிச்சுத் தள்ளினா பின்னால வழுக்கிடுவார். டிரபிலோவுக்கு அதுக்கு நேரெதிர்: பெரிய உடம்பு, பலம் உண்டு, வேகமானவன் உள்பக்கம் வெட்டினா திணறுவார். ரெண்டு பேரையும் பாதுகாப்பு பேட் மாட்டி மோத விடற ஜூலைக் கடைசி வரைக்கும் இது முடிவாகாது. மே மாசம் ஷார்ட்ஸ் போட்டு ஓடறதைப் பாத்து யாரும் லெஃப்ட் டேக்கிளைத் தேர்ந்தெடுக்க முடியாது.

செந்தூல் கரடி:

லைன் விளக்கம் புரிஞ்சது அண்ணே, நன்றி. ஆனா லவ்லண்ட்? வாரன் போன வருஷம் 104 கேட்ச், 1,233 யார்ட். லவ்லண்ட் 56 கேட்ச், 582 யார்ட், அதுக்கு மேல தோள்பட்டை ஆபரேஷன். கேட்ச் பாதிக்குக் கொஞ்சம் மேல, யார்ட் பாதிகூட இல்லையே.

பட்டர்வொர்த் டேப்:

எண்ணிக்கையை விட்டுட்டு ஆட்டத்தைப் பாருங்க. மிஷிகன் போன சீசன்ல மூணு குவார்ட்டர்பேக்கை மாத்தினாங்க, பாஸ் ஆட்டம்னு ஒண்ணு பேருக்குத்தான் இருந்தது. பென் ஸ்டேட் எல்லாத்தையும் வாரன் தலையில கட்டினாங்க, சென்டர்கிட்ட இருந்து நேரா ஸ்னாப் (ஆட்டம் தொடங்கற பந்து) வாங்கி ஓடறது உட்பட. லவ்லண்டுக்கு வயசு 21, வாரன் ரெண்டு வயசு மூத்தவர்.

முக்கியம் வேலைப் பிரிவு. கிமெட் டேக்கிள் பக்கத்துல கையை ஊனி நிக்கிறவர், பிளாக் பண்ணுவார். வாரனும் பாதி அந்த வேலைதான். லவ்லண்ட் லைனை விட்டு விலகி நிக்கிற ரகம். டெட்ராய்ட்ல சாம் லபோர்ட்டா முதல் வருஷமே 86 கேட்ச், 889 யார்ட், 10 டச்டவுன் எடுத்தாரே, அதை வரைஞ்ச ஆள்தான் இப்ப நம்ம கோச்.

ஒரு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்குங்க. ரெண்டு டைட் எண்ட், ரெண்டு ரிசீவர், ஒரு பேக். எதிரணி மூணு லைன்பேக்கரை (லைனுக்குப் பின்னால நிக்கிற தடுப்பாளர்) இறக்கினா லவ்லண்டைத் துரத்த வேகம் பத்தாது. ஒரு லைன்பேக்கரைக் கழட்டிட்டு கார்னர்பேக்கை இறக்கினா கிமெட் பக்கமா பந்தைக் கொண்டு ஓடலாம். கேலப் சென்டருக்கு அடியில கை வச்சு பந்தை வாங்கி, திரும்பி, ரன்னிங் பேக் ஸ்விஃப்ட் வயித்துல வைக்கிற மாதிரி நீட்டறார். லைன்பேக்கர் ரெண்டு எட்டு முன்னால வந்துட்டான். அவன் முதுகுக்கும் சேஃப்டிக்கும் நடுவுல ஒரு பத்து யார்ட் காலியா இருக்கும், லவ்லண்ட் நேரா அதுக்குள்ள ஓடணும், அவ்வளவுதான். இதுல தப்பு எங்க வரும்னா, கேலப் யூ.எஸ்.சி.யில கிட்டத்தட்ட முழுக்க ஷாட்கன்ல (சென்டரை விட்டுப் பின்னால தள்ளி நின்னு) ஆடினவர். முதுகை டிஃபென்ஸுக்குக் காட்டிட்டுத் திரும்பறப்ப கண்ணுக்கு எல்லாம் புதுசா தெரியும். அந்த ஒரு நொடியில தடுமாறினா பந்து தாமதம், திரும்பவும் சாக். ஜான்சன் இந்தக் கோடை முழுக்க உழைக்க வேண்டிய இடம் அதுதான்.

தோள்பட்டை பத்தி பயம் எனக்கும் உண்டு. ஜனவரியில ஆபரேஷன், அதனால பிளாக்கிங் பயிற்சி மாசக்கணக்கா போச்சு. முதல் நாலு வாரம் அவர்கிட்ட பெருசா எதிர்பார்க்காதீங்க.

செந்தூல் கரடி:

சரி, பாதி சமாதானம். கணக்குப்பிள்ளை அண்ணே, இன்னொரு சந்தேகம். ஓடெயிங்போ சொதப்பினா அடுத்த வருஷமே கழட்டி விடலாமா? டெட் மணி, ஆள் போனாலும் கேப்ல நிக்கிற காசுன்னு பயமுறுத்தறாங்களே.

பிரிக்பீல்ட்ஸ் கணக்குப்பிள்ளை:

புரோட்டான் சாகாவை 9 வருஷ லோன்ல எடுத்த மாதிரிதான். காரை மூணாம் வருஷம் வித்தாலும் பேங்க் பாக்கி உங்க பேர்லதான். சைனிங் போனஸ் ஆள் கையில உடனே போயிடும், கேப் கணக்குல மட்டும் வருஷா வருஷம் சமமா எழுதுவாங்க, அதிகபட்சம் அஞ்சு வருஷம். உதாரணத்துக்கு மூணு வருஷ ஒப்பந்தம், போனஸ் 12 மில்லியன்னா வருஷத்துக்கு 4. ஒரு வருஷம் கழிச்சுக் கழட்டினா மிச்ச 8ம் ஒரே அடியா அந்த வருஷக் கணக்குல விழும். ஜூன் 1க்கு அப்புறம் கழட்டினா 4 இந்த வருஷம், 4 அடுத்த வருஷம். ரெண்டு பேரை மட்டும் முன்கூட்டியே கழட்டி, ஜூன் 1 முத்திரை குத்தலாம், ஆனா மிச்சமாகிற காசு ஜூன் 2ல இருந்துதான் கைக்கு வரும். மார்ச் ஷாப்பிங்குக்கு உதவாது. போனஸ் இல்லாம சம்பளத்துக்கே உத்தரவாதம் கொடுத்திருந்தா அதுவும் சேர்ந்து விழும். அதனால மொத்தத் தொகையைப் பாக்காதீங்க, உத்தரவாதம் எந்த வருஷத்தோட முடியுதுன்னு பாருங்க.

கோடைக் கேப்புல இன்னொரு விஷயம் பலருக்குப் பிடிபடறதில்ல. இப்ப 90 பேர் இருந்தாலும் சம்பளத்துல மேல உள்ள 51 பேரைத்தான் எண்ணுவாங்க. ஒரு ரூக்கி 4 மில்லியன்ல உள்ள வந்தா, 51வது ஆள் ஒரு மில்லியன் சொச்சத்தோட பட்டியலை விட்டு வெளிய போவார். நிகரச் செலவு மூணுக்கும் கீழ. "ரூக்கிகளுக்குக் காசே இல்ல"ன்னு கத்தறவங்க பெரும்பாலும் இதைக் கழிக்க மறந்தவங்க.

டிஃபென்ஸ் லைனுக்கு வாங்கின க்ரேடி ஜாரெட்டையும் இங்கயே சொல்லிடறேன். அட்லாண்டா அவரை ஒப்பந்தக் காலம் முடியறதுக்கு முன்னாடியே கழட்டி விட்டாங்க, அதனால நஷ்டஈட்டு பிக் (ஒப்பந்தம் முடிஞ்சு போன ஆட்களுக்கு ஈடா லீக் கொடுக்கிற பிக்) கணக்குல அவர் வர மாட்டார். தூனியும் ஜாக்சனும் டிரேட், அவங்களும் வர மாட்டாங்க. டால்மனும் ஓடெயிங்போவும் வருவாங்க. வயசான ஆளை வாங்கணும்னா கழட்டி விடப்பட்டவரா பாத்து வாங்கறது கெட்டிக்காரத்தனம்.

புக்கிட் மெர்தாஜம் 54:

கெட்டிக்காரத்தனம்தான். அந்த 32 வயசு முட்டி நவம்பர் குளிர் தாங்குமான்னு பாப்போம். 2023ல லிகமெண்ட் கிழிஞ்சவர்.

பட்டர்வொர்த் டேப்:

அட்டவணை வந்தாச்சு. முதல் ஆட்டமே மின்னசோட்டா, சோல்ஜர் ஃபீல்ட், நமக்கு மலேசியாவுல செப்டம்பர் 9 செவ்வாய் காலை 8.15. அவங்க டிஃபென்ஸ் கோச் பிரையன் ஃப்ளோரஸ் சென்டருக்கு ரெண்டு பக்கமும் லைன்பேக்கரை நிறுத்துவார், ஆறு பேர் வர்ற மாதிரி காட்டி மூணு பேர் பின்வாங்குவாங்க, இல்ல நிஜமாவே ஆறும் வரும். ஸ்னாப்புக்கு முன்னாடி டால்மன் கையைப் பாருங்க. அவர் ஒரு பக்கம் காட்டணும், தூனி இன்னொரு பக்கம் பூட்டணும், மிச்சமானவனை ஸ்விஃப்ட் தடுக்கணும்.

செந்தூல் கரடி:

செவ்வாய் காலை 8.15. சரி, எம்.சி. (மெடிக்கல் லீவ்) எடுக்கிறதா, மாமாக் கடையில உக்காந்து போன்ல பாத்துட்டு லேட்டா போறதான்னு இப்பவே யோசிக்கணும்.

புக்கிட் மெர்தாஜம் 54:

எம்.சி. எடு. மூணாவது டவுன்ல ஸ்விஃப்ட் பிளாக் பண்றதைப் பாத்தா உனக்கு நிஜமாவே உடம்புக்கு வந்துடும்.