எழுத்து முடிச்சாதான் வார்த்தையா? (டவுன் சிண்ட்ரோம், ரெண்டாங்கிளாஸ்)

ரெண்டாங்கிளாஸ் அம்மா:
வணக்கம். என் பொண்ணுக்கு 7 வயசு, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலயே ஒரு குரோமோசோம் கூடுதல்), எல்லா பசங்களும் படிக்கிற ஸ்கூல்லதான் ரெண்டாங்கிளாஸ் போறா. நாம சொல்றது நல்லா புரியும், "அக்கா செருப்பை எடுத்துட்டு வா"ன்னா கரெக்டா எடுத்துட்டு வருவா, ஆனா வாயில வர்றது ஒத்த வார்த்தை, மிஞ்சிப் போனா ரெண்டு, "அப்பா ஆபீஸ்", "பந்து தா", அவ்ளோதான். இப்ப பிரச்சனை என்னன்னா ஒரு வருஷமா அ ஆ இ ஈயிலயே நிக்கிறோம். இன்னிக்கு சொல்லுவா, நாளைக்கு அதே எழுத்தை காட்டினா என் மூஞ்சியை பார்ப்பா. கிளாஸ் மிஸ் 12 உயிர் 18 மெய் முடியட்டும் அப்புறம்தான் வார்த்தைங்கறாங்க, தெரபி போற இடத்துல முதல்ல பேச்சு வரட்டும் படிப்பெல்லாம் பிறகுங்கறாங்க. ஆனா போன வாரம் கிளாஸ் வாசல்ல பைகளை குவிச்சு வெச்சிருந்தாங்க, இவ தன் பையை எடுத்ததுமில்லாம பக்கத்துல உக்கார்ற பொண்ணோட பையையும் எடுத்து அவ கையில குடுத்துட்டா. ரெண்டும் ஒரே கலர் ஒரே மாடல், மேல ஒட்டின பேர்தான் வித்தியாசம். இது படிக்கறதா, இல்ல படம் மாதிரி ஞாபகம் வெச்சிருக்காளா? எழுத்து தெரியாம வார்த்தை குடுத்தா தப்பாயிடுமா?

ஸ்பெஷல் எஜுகேட்டர்:
படம் மாதிரிதான் ஞாபகம் வெச்சிருக்கா. இருக்கட்டுமே, அதை வெச்சுத்தான் ஆரம்பிக்கணும். இந்த பசங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு காதுல கேட்டதை ஒரு நிமிஷம் மனசுல பிடிச்சு வெக்கறதுதான் கஷ்டம், கண்ணால பார்த்தது அதைவிட நல்லா நிக்கும். "இ"ன்னு தனியா ஒரு சத்தத்துக்கு அவ மனசுல ஒட்டிக்க எந்த இடமும் இல்ல, "அக்கா"ன்னா ஒரு ஆளே நிக்கறா. பேச்சு வந்த பிறகு படிப்புங்கறதும் தலைகீழ். இங்கிலாந்துல சூ பக்லின்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1980 வாக்குலயே இதை ஆராய ஆரம்பிச்சாங்க, பேச்சு வரதுக்கே படிப்பை ஒரு வழியா பயன்படுத்தலாம்னு ரொம்ப காலமா சொல்லிட்டிருக்காங்க. பேசற சத்தம் காத்துல போயிடும், கார்டுல எழுதினது அவ பார்த்து முடிக்கற வரைக்கும் அங்கயே இருக்கும்ல.

நான் செய்யறது இதுதான். அவளுக்கு ஏற்கனவே அர்த்தம் தெரிஞ்ச நாலு வார்த்தை, பெருசா, ஒரே மாதிரி எழுத்துல, ஒவ்வொண்ணும் ரெண்டு கார்டு. முதல்ல ஜோடி சேர்க்கறது மட்டும், வாயே திறக்க வேண்டாம். அது ஓடினப்புறம் "அக்கா எங்க, எடு". பேர் சொல்றது கடைசி. தப்பா கை போறதுக்கு முன்னாடியே சரியான கார்டை லேசா அவ பக்கம் தள்ளி விடுங்க, ஒரு தடவை தப்பா பதிஞ்சா அழிக்கறது பெரும்பாடு. பந்து, பல்லு மாதிரி ஒரே எழுத்துல ஆரம்பிக்கற ரெண்டையும் ஒரே நாள்ல வெக்காதீங்க, நான் வெச்சு பட்டிருக்கேன். அப்புறம் "பந்து தா", "அக்கா வா"ன்னு அவ சொல்றதையே ரெண்டு கார்டா வெச்சு, மூணாவதா ஒண்ணு சேருங்க, "அக்கா பந்து தா". அவ விரல் வெச்சுகிட்டே சொல்லுவா பாருங்க.

அஞ்சாங்கிளாஸ் பையனோட அப்பா:
மேடம் சொன்னது எல்லாம் சரி ஆனா சிஸ்டர், காது டெஸ்ட் கடைசியா எப்ப பண்ணீங்க? எங்க பையன் மூணாவது படிக்கறப்ப கூப்பிட்டா திரும்ப மாட்டான், மிஸ் அடம் பிடிக்கிறான்னு டைரியில எழுதி அனுப்பிட்டே இருந்தாங்க, நாங்களும் ஒரு டேர்ம் முழுக்க அவனைத்தான் திட்டினோம், கடைசியில பார்த்தா ரெண்டு காதுலயும் செவிப்பறைக்கு பின்னாடி பசை மாதிரி நீர் கட்டி இருக்கு. இவங்களுக்கு காது வழி குறுகல்ங்கறதால இது ரொம்ப சகஜமாம், சளி பிடிச்சா கூடும், அப்புறம் குறையும். இன்னிக்கு சொன்னது நாளைக்கு சொல்லலங்கறீங்களே, அதை படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. கண்ணும் பாருங்க, நிறைய பேருக்கு கிட்டத்துல ஃபோகஸ் நிக்காது, பைஃபோகல் (மேல ஒரு பவர், கீழ ஒரு பவர் இருக்கற கண்ணாடி) போட்டா புக் பிடிக்கற விதமே மாறும். தைராய்டு வருஷா வருஷம் பார்க்கறீங்கதானே?

பிரைமரி டீச்சர்:
நானும் அந்த மிஸ் மாதிரி டீச்சர்தான், அதனால கொஞ்சம் மறுத்துப் பேசறேன், கோச்சுக்காதீங்க. கார்டு வார்த்தை மட்டும் போதும்னு விட்டுடாதீங்க. 40, 50 வார்த்தை வந்ததும் அதுல இருந்தே எழுத்தை பிரிச்சு காட்டணும், "அக்கா"வுல வர்ற "க்கா"தான் "முக்காலி"லயும் வருது, இப்படி, இல்லன்னா புது வார்த்தை வந்தா முழிப்பா. இங்கிலாந்துல யார்க்ல 2012ல வெளியான ஒரு ஆய்வுல 57 டவுன் சிண்ட்ரோம் பசங்களோட ஸ்கூல்லயே தினம் 40 நிமிஷம் வேலை செஞ்சாங்க, படிப்பு பாதி, வார்த்தையும் பேச்சும் பாதி. படிப்புல முழு வார்த்தை, எழுத்தோட சத்தம்னு ரெண்டு வழியையும் கலந்துதான் வெச்சாங்க. முன்னேற்றம் இருந்துச்சு, ஆனா சொல்லிக் குடுத்த வார்த்தைகள்ல தெரிஞ்ச அளவுக்கு பொதுவான மொழி டெஸ்ட்ல தெரியல. அதனால மந்திரம்னு எதிர்பார்க்காதீங்க.

இன்னொண்ணு, கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நாங்க டீச்சருங்க மூணுலயே அடுத்த கேள்விக்கு போயிடுவோம். எழுதித்தான் காட்டணும்னும் கட்டாயப்படுத்தாதீங்க, விரல் மூட்டு தளர்வு, பென்சில் பிடிக்கறதுலயே பாதி சக்தி போயிடும். கார்டை எடுத்து அடுக்கினாலே அது பதில்தான். அப்புறம் சிரிச்சு கட்டிப்பிடிச்சு வேலையில இருந்து நழுவுவாங்களே, என் கிளாஸ்ல ஒருத்தன் அதுல கில்லாடி!

ரெண்டாங்கிளாஸ் அம்மா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். காது டெஸ்ட் நாலு வயசுல பண்ணது, நாளைக்கே அப்பாயின்மென்ட் போடறேன். ஒரு சந்தேகம், கார்டுல "பையில இருக்கு"ன்னு பேசற மாதிரி எழுதவா, "பையில் இருக்கிறது"ன்னா?

ஸ்பெஷல் எஜுகேட்டர்:
பேசற மாதிரி. அந்த "ல"வை வேற கலர்ல எழுதுங்க, இவங்க பேச்சுல முதல்ல விழுங்கறது அந்த வால்தான்.

பிரைமரி டீச்சர்:
எனக்கு இதுல ஒப்புதல் இல்ல, பாடப்புத்தகத்துல அவ பார்க்கப் போறது "இருக்கிறது"தானே. ஆனா முதல் ஆறு மாசத்துக்கு மேடம் சொல்றபடியே போங்க.

ரெண்டாங்கிளாஸ் அம்மா:
சாயங்காலம் நாலு கார்டு போட்டு பார்த்தேன். மூணு ஜோடி சேர்த்தா. நாலாவது "அக்கா" கார்டை மட்டும் எடுத்துட்டு ரூமுக்கு ஓடி அவ அக்கா நெத்தியில வெச்சு அழுத்திட்டு வந்துட்டா, திருப்பித் தர மாட்டேங்கறா. வேற எழுதறேன்.