புதுப்பிப்பு: பி.ஏ. வரலாறே எடுத்தேன், ஒரு வருடம் முடிந்தது

பி.காம். இடத்தை விட்டுவிட்டு வரலாறு எடுக்கலாமா, அப்பா சம்மதிக்கவில்லை என்று போன ஜூனில் கேட்டிருந்தேன். அன்று பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வரலாறே எடுத்தேன்.

ஆண்டுகளை மனப்பாடம் செய்வதுதான் படிப்பு என்று நினைத்திருந்தேன். போன மாதம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்பவை. பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்ததுதான். சுவர் முன்னால் நின்று எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பது வேறு அனுபவம். புள்ளியில்லாத மெய்கள், நடுநடுவே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து. ஒரு வரிக்கே அரை மணி நேரம் ஆனது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் உறுப்பினராக முடியாது என்று இருக்கிறது. படித்ததும் சிலிர்த்துவிட்டது. ஆனால் அது பிராமணர் ஊர்ச்சபை. வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள ஆண்களுக்கே வாய்ப்பு. ‘அன்றே மக்களாட்சி’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட இனி எனக்கு மனம் வராது.

அப்பாவின் கவலை முழுதாகத் தீரவில்லை. டி.என்.பி.எஸ்.சி.க்கும் சேர்த்துப் படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம், அடுத்த வருடம் கல்வெட்டை மைப்படி எடுக்க, அதாவது தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்துகளைப் படியெடுக்க, கற்றுத்தருவார்களாம். அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.