மாடல் ராக்கெட்டுக்கு எந்தப் பசை? ஃபெவிகுவிக் மட்டும் போதுமா?

வைட்ஃபீல்டு_அப்பா:
பையனுக்கு ராக்கெட் கட்டறோம். அட்டைக் குழாய், பால்சாங்கற லேசான மரத்தில ஃபின் (வால் இறக்கை) மூணு, பிளாஸ்டிக் மூக்கு, மருந்து அடைச்ச 18 மி.மீ. மோட்டார். கடையில ஃபெவிகுவிக், மரத்துக்குப் போடற ஃபெவிகால் எஸ்.ஹெச்., ரெண்டு பசையைக் கலந்து போடற அரால்டைட் மூணும் இருக்கு. எது எங்கே? பெங்களூர் மழையில ஃபெவிகால் காயவே காயாதேன்னு ஃபெவிகுவிக் பக்கம் மனசு போகுது.

அல்சூர்_மணி:
அட்டையும் மரமும் சேர்ற இடத்துக்கெல்லாம் எஸ்.ஹெச். தான் சார். நாருக்குள்ள ஊறிப் பிடிக்கும்; பிய்ச்சா அட்டைதான் கிழியும், ஒட்டு விடாது. ஆனா குழாய் பளபளன்னு இருந்தா பசை ஊறாது. ஃபின் உட்கார்ற கோட்டில மட்டும் 220 நம்பர் உப்புத்தாளால தேய்ச்சுடுங்க.

ஃபின் விளிம்பில மெல்லிசா தடவி, குழாயில ஒரு அழுத்து, உடனே எடுத்துடுங்க. ரெண்டு பக்கமும் பசை படிஞ்சிருக்கும். அஞ்சு நிமிஷம் விட்டு, இன்னொரு தடவை மெல்லிசா தடவி ஒட்டினா, கொஞ்ச நேரம் பிடிச்சாலே நிக்கும். குழாயோட பின்பக்கத்திலிருந்து பார்த்து நேராக்குங்க. மழைக்காலம்னா முழு நாள் காயட்டும்.

அப்புறம் ஃபில்லெட், அதாவது ஃபின்னும் குழாயும் சேர்ற மூலையை நிரப்பற பசைக் கோடு. குழாயைப் படுக்க வெச்சு, மேல் பார்த்த மூலையில மட்டும் பசை விட்டு விரலால இழுங்க. அது காய்ஞ்சதும் அடுத்த மூலை. அவசரப்பட்டு தடிமனா விட்டா உள்ளே குமிழி வரும், சுருங்கும்போது மெல்லிய குழாயும் நெளியும். ரெண்டு மூணு மெல்லிய பூச்சுதான் சரி.

ஃபெவிகுவிக் காய்ஞ்சா மொடமொடன்னு ஆயிடும். இறங்கற அடியில ஃபின் பட்டுனு தெறிக்கும். பால்சா விளிம்பைக் கெட்டிப்படுத்த ரெண்டு சொட்டு, அவ்வளவுதான் அதுக்கு வேலை. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க, புகை கண்ணைக் கரிக்கும்.

ஜெயநகர்_பறவை:
மணி அண்ணா சொன்னது ஃபின்னுக்குச் சரி. மோட்டார் முன்னாடி போகாம நிறுத்தற வளையத்துக்கும் எஸ்.ஹெச். போடலாம், ஆனா வளையம் தள்ளும்போது நடுவில நின்னா அங்கேயே மாட்டிக்கும். மோட்டார் நீளம் 70 மி.மீ., பின்னாடி 6 மி.மீ. வெளியே நீட்டணும்னா, பழைய மோட்டார் கூட்டில 64-ல கோடு போடுங்க. குழாய்க்குள்ள சுமார் 50 மி.மீ. ஆழத்தில குச்சியால பசையைச் சுத்தித் தடவி, வளையத்தை அந்தக் கூட்டால ஒரே தள்ளா கோடு வரைக்கும் தள்ளுங்க. கூட்டை உடனே உருவிடணும், இல்லேன்னா அதுவும் சேர்ந்து ஒட்டிக்கும். இந்தப் பயம் இருந்தா மெதுவா இறுகற அரால்டைட் போடுங்க.

வைட்ஃபீல்டு_அப்பா:
அப்போ ஃபின்னுக்கும் அரால்டைட்டே போட்டா இன்னும் பலம் தானே?

அல்சூர்_மணி:
இந்த அளவு ராக்கெட்டுக்கு வேண்டாம். பலம் கூடாது, வால் பக்கம் எடைதான் கூடும். ஈர்ப்பு மையம் பின்னாடி போனா ராக்கெட் நேரா ஏறாது, ஆட்டம் போடும். ஃபைபர் கிளாஸ் ஃபின்னுன்னா வேற கதை, அங்கே அரால்டைட் தான். ரெசினும் ஹார்டனரும் சம அளவு. கண் மதிப்பில கலந்து அளவு ரொம்ப மாறிட்டா, எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுன்னே கிடக்கும்.

பாந்த்ரா_பாலா:
மூக்கைப் பத்தி யாரும் சொல்லலையே. அதைக் குழாயோட ஒட்டவே கூடாது! எஜெக்‌ஷன் சார்ஜ் (மோட்டார்ல கடைசியா வெடிக்கற சின்ன மருந்து) வெடிக்கும்போது அது கழண்டாத்தான் பாராசூட் வெளியே வரும். லூசா இருந்தா மாஸ்கிங் டேப் ஒரு சுத்து போதும். ரெண்டு பாதியா வர்ற பாலிஸ்டைரீன் மூக்குன்னா பாதிகளை பிளாஸ்டிக் சிமெண்டால சேருங்க. மெழுகு மாதிரி வழுக்கற பாலிஎத்திலீன்ல எந்தப் பசையும் பிடிக்காது, மூக்கையும் குழாயையும் இணைக்கிற கயிறை மூக்கோட வளையத்திலேயே கட்டிடுங்க. கயிறோட மறுமுனையைக் காகிதத்தில மடிச்சு எஸ்.ஹெச். வெச்சு குழாய் உள்சுவர்ல ஒட்டணும், மூக்கோட கழுத்து இறங்கற ஆழத்துக்கும் கீழே.

ஹாட் குளூ கன்னை மட்டும் எடுத்துடாதீங்க. மோட்டார் சூட்டுக்கு இளகிடும்.