பால்டர்ஸ் கேட் நகரில் ஒரு குப்பி மருந்தின் விலை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. ஆட்டத்தை இருண்ட பாணிக்கு மாற்றலாம் என்றதும், கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்களில் பலர் முதலில் கை வைப்பது ரத்தத்தில்தான். வெட்டுப்பட்ட தலை, சாபம் பிடித்த அரசன், ஓயாத மழை. நான் அப்படி எதையும் சேர்க்கவில்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் இருக்கும் விலைப்பட்டியலை எழுத்துக்கு எழுத்து நம்பி நடத்தினேன். அதில் கிடைத்த அனுபவத்தை எழுதுகிறேன்.

களம் பால்டர்ஸ் கேட் என்னும் கற்பனை நகரம். அந்த நகரம் இருக்கும், எட் கிரீன்வுட் சிறு வயதிலேயே கற்பனை செய்யத் தொடங்கிய ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகம் 1987இல் பெட்டித் தொகுப்பாக வெளிவந்தது. ஆனால் என் ஆட்டக்காரர்களுக்கு இந்த ஊர் பழக்கமானது 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்னும் கணினி விளையாட்டால். அதில் முகாமுக்குத் திரும்பி வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினால் காலையில் காயமெல்லாம் ஆறியிருக்கும். தோழன் செத்துப்போனால் விதர்ஸ் என்னும் பாத்திரம் 200 தங்கக் காசு வாங்கிக்கொண்டு எழுப்பித் தந்துவிடும். மரணத்துக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை.

நான் மாற்றியது ஒன்றே ஒன்று. 2014இல் வந்த டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் ஒரு மாற்று விதி இருக்கிறது: காயமும் மந்திரமும் மீள எடுக்கும் ஓய்வில் குறு ஓய்வு 8 மணி நேரம், நெடு ஓய்வு 7 நாள். வழக்கமாக ஓர் இரவில் திரும்பிவிடும் மந்திரங்கள் திரும்ப ஒரு வாரம் ஆகும். மற்றதையெல்லாம் விலைப்பட்டியலே பார்த்துக்கொண்டது. பயிற்சி இல்லாத கூலியாளுக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளிக் காசு. ஏழை வாழ்க்கைக்கு ஆகும் அன்றாடச் செலவும் அதே 2 வெள்ளிதான். மிச்சம் பிடிக்க வழியே இல்லை. காயம் ஆற்றும் மருந்து ஒரு குப்பி 50 தங்கம். 10 வெள்ளி ஒரு தங்கம் என்பதால் அது 250 நாள் கூலி. நாம் சண்டைக்கு நடுவே யோசிக்காமல் குடித்துத் தீர்க்கும் அதே குப்பி!

கிரே ஹார்பர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து ஒரு கூலியாளின் கால் நசுங்கியது. அந்தக் காட்சியை நான் வைத்தது வெறும் சூழலுக்காக. பூசாரி வேடத்தில் இருந்த நண்பர் சற்றும் தயங்காமல் தன்னிடமிருந்த ஒரே குப்பியை எடுத்து அந்த மனிதனின் வாயில் ஊற்றிவிட்டார். பட்டியலில் விலையைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் இன்னொரு நண்பர். மருந்தின் விலை தெரிந்த ஊரில் இப்படி ஒன்று நடந்தால் செய்தி எவ்வளவு நேரம் அடங்கியிருக்கும்? மறுநாள் விடிவதற்குள் விடுதி வாசலில் ஒரு தெருவே திரண்டுவிட்டது.

அந்தக் காலைப்பொழுதுதான் இந்த ஆட்டத்தில் நாங்கள் கண்ட மிகக் கடுமையான மோதல். ஒரு வாளும் உருவப்படவில்லை. மூன்றாம் நிலைப் பூசாரியிடம் முதல் வட்ட, அதாவது எளிய படியிலுள்ள, மந்திரத்துக்கு நான்கு வாய்ப்பு, அதற்கு அடுத்த படியான இரண்டாம் வட்டத்துக்கு இரண்டு. நோயைத் தீர்க்கும் லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன் இரண்டாம் வட்டம். நண்பர் ஒரு தாளில் வாய்ப்புக்கு ஒன்றாக ஆறு கட்டம் வரைந்தார். காய்ச்சலில் கிடக்கும் குழந்தை, கை சீழ்ப்பிடித்த தோல் பதனிடுபவர், இருமலில் ரத்தம் வரும் கிழவி என்று நான் சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். "இதில் யார் யார் ஏழு நாள் தாங்குவார்கள்?" என்று கேட்டார். போர்வீரர் வேடத்தில் இருந்தவர், இரண்டு கட்டமாவது நமக்கு வேண்டும் என்று வாதாடினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் குழந்தைக்கும் கிழவிக்கும் இரண்டாம் வட்டம் இரண்டும் போயின. மீதி நான்கும் காயம்பட்டவர்களுக்கு. இந்த நண்பரோடு வெகுகாலமாக ஆடிவருகிறேன்; ஒரு டிராகன் முன்னால்கூட அவர் இவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

இந்த நகரமும் இப்படிப்பட்ட ஆட்டத்துக்குத் தோதானது. மேல் நகரம், கீழ் நகரம், சுவருக்கு வெளியே புறநகரம் என மூன்று அடுக்கு. மயிலைவிடப் பெரிய விலங்குக்குச் சுவருக்குள் அனுமதி இல்லை என்பதால் தொழுவமும் தோல் பட்டறையும் அவற்றின் நாற்றமும் புறநகரத்தின் பங்கு. இருட்டிய பிறகு மேல் நகரத்தில் இருக்க, பேட்ரியார் என்னும் பிரபுக் குடும்பங்களும் அவர்களின் அடையாளச் சின்னம் தாங்கிய ஆட்களும் மட்டுமே உரியவர்கள். எங்கள் குழுவில் இன்னொரு நண்பர் ஆடிய திருடன் மாட்டிக்கொண்டது அங்கேதான். பணம் தேடி ஒரு மாளிகைக்குள் நுழைந்தவன் அந்தி சாய்வதற்குள் திரும்பவில்லை. காவலர்களின் ஈட்டி பட்டு விழுந்தான். பிழைப்பானா என்று உருட்டிய இருபது முகப் பகடையில் பத்துக்குக் கீழே மூன்று முறை விழுந்தது. முடிந்தது.

செத்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 500 தங்கம் பெறுமான வைரம் வேண்டும். இறந்து பத்து நாளுக்குள் செய்யவேண்டும். உடல் மேல் உப்பு தூவி, கண்களில் செப்புக் காசு வைத்து அந்தக் கெடுவை நீட்டிக்கும் ஜென்டில் ரிப்போஸ் என்றொரு மந்திரம் உண்டு. அதுவும் இரண்டாம் வட்டம். அந்த இரண்டு கட்டமும் விடுதி வாசலிலேயே நிரம்பிவிட்டன. பூசாரி அதற்காக வருந்தவில்லை. அந்தக் குழந்தை பிழைத்தது போதும் என்றார். ஏழு நாள் சும்மா இருந்து மந்திரத்தைத் திரும்பப் பெறலாம் என்றால் பணம் திரட்ட நாள் இருக்காது.

போர்வீரர் தன் சங்கிலிக் கவசத்தை விற்றார். 75 தங்கத்துக்கு வாங்கியது பாதி விலைக்குத்தான் போனது. மீதிக்கு அவர்கள் போய் நின்றது நகரத்தின் திருடர் கூட்டமான கில்டின் வாசலில். இரவில் சோதனைக்கு உட்படாத பெட்டிகளைத் துறைமுகத்தில் இறக்கித் தரவேண்டும் என்பது நிபந்தனை. காவல் மாறும் நேரத்தைச் சொல்லி உதவியவர் கால் குணமான அதே கூலியாள். நான் திட்டமிட்டதல்ல, அவரைத் தேடிப் போகலாம் என்று சொன்னவர்கள் ஆட்டக்காரர்களே.

ஒன்பதாம் நாள் கோயிலில் திருடன் எழுந்தான். எழுந்தவனுக்குத் தாக்குதல், தாங்குதல், திறன் சோதனை எல்லாவற்றிலும் பகடையில் 4 குறையும்; ஒவ்வொரு நெடு ஓய்வுக்கும் ஒன்று மீளும். வழக்கமான விதியில் நான்கு இரவு. எங்கள் விதியில் நான்கு வாரம். பூட்டைத் திறக்கும் விரல் நடுங்கும் திருடனாக அந்த நண்பர் ஆடியதுபோல் யாரும் ஆடி நான் பார்த்ததில்லை.

முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். 8 மணி நேரம் நீடிக்கும் மேஜ் ஆர்மர் போன்ற மந்திரங்களுக்கு இந்த விதியில் ஒரு வார வாய்ப்பைச் செலவிடுவது அநியாயம். அவற்றின் நேரத்தை நான் நீட்டிக் கொடுத்தேன். வார்லாக் என்னும் வகை மந்திரவாதி மட்டும் குறு ஓய்விலேயே மந்திரத்தைத் திரும்பப் பெறுவதால் மற்ற மந்திரவாதிகளைவிட ஓங்கி நிற்பார். அதை முன்கூட்டியே எல்லோரிடமும் பேசிவிடுங்கள். குழந்தை நோயில் கிடப்பது போன்ற காட்சிகளுக்கு மேசையில் எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். நாங்கள் தொடங்கும் முன்பே கேட்டிருந்தோம்.

கில்டின் கடன் இன்னும் பாக்கி. நகரைக் காக்கும் கூலிப்படையான ஃபிளேமிங் ஃபிஸ்டில் சேர்ந்து மாதச் சம்பளத்தில் அதை அடைக்கலாம் என்கிறார் போர்வீரர். கடத்தல்காரர்களைப் பிடிக்கும் வேலையும் அந்தப் படையுடையது என்பதைப் பூசாரி எடுத்துச் சொல்லியும் அவர் விடுவதாக இல்லை.