கரண்ட் வைத்த பிறகு அப்பாவுக்கு எச்சிலே ஊறவில்லை, என்ன செய்யலாம்?

தென்காசிப் பெண்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, முடிந்து நாலு மாதம் ஆகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டுக் கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க விடாமல் வாய் வறட்சி அவரைப் படுத்துகிறது. இட்லியை வாயில் வைத்தால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். ராத்திரியில் சொம்பைத் தேடி எழுந்திருக்கிறார், குடித்த தண்ணீருக்காக மறுபடியும் பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறார், தூக்கமே போச்சு. பக்கத்து வீட்டு அத்தை கற்கண்டை வாயில் அடக்கச் சொன்னார்கள், இப்போது நாள் முழுக்க அதுதான். டாக்டர் "போகப் போகச் சரியாகும்" என்கிறார். நிஜமாகவே சரியாகுமா? மாத்திரை ஏதாவது இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடி டெய்லர்:

தங்கச்சி, முதலில் அந்தக் கற்கண்டை நிறுத்தச் சொல்லுங்கள், இன்றைக்கே. சாதாரண வாயில் சர்க்கரையை எச்சில் கழுவிவிடும். அப்பா வாயில் அது அப்படியே பல்லில் தங்கும். என்னோடு கரண்ட் எடுத்த ஒருவர் எந்நேரமும் மிட்டாய் அடக்கிக்கொண்டிருந்தார், முன்பற்கள் ஈறோரத்தில் கறுத்து ஒவ்வொன்றாக ஒடிந்தன. நெல்லிக்காய், எலுமிச்சை என்றும் சொல்வார்கள். வறண்ட வாயில் அந்தப் புளிப்பும் பல்லை அரிக்கும்.

எனக்கு 2019-ல் டான்சிலில் வந்தது. காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழேயும் எச்சில் சுரப்பிகள் இருக்கின்றன. காதுப் பக்கத்தில் இருப்பது சாப்பிடும்போது தண்ணீராகச் சுரக்கும். தாடைக்குக் கீழே இருப்பதுதான் மற்ற நேரத்தில் வாயை ஈரமாக வைத்திருப்பது. கதிர் எதன் மேல் எவ்வளவு பட்டது என்பதைப் பொறுத்துத்தான் எச்சில் திரும்பும். அப்பாவுக்கு வைத்தது ஐஎம்ஆர்டி முறையா (கட்டியைக் குறிவைத்து, பக்கத்துச் சுரப்பிகளில் கதிர் குறைவாகப் படும்படி வைப்பது), காதுப் பக்கத்துச் சுரப்பிக்குச் சராசரியாக எத்தனை கிரே (கதிரை அளக்கும் அலகு) போனது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு பக்கத்துச் சுரப்பியாவது ஏறக்குறைய 26 கிரேக்குள் இருந்தால் ஓரளவு திரும்ப வாய்ப்பு அதிகம். நாலு மாதத்தில் எதுவும் முடிவாகிவிடாது. ஒன்றிரண்டு வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

நான் தையல்காரன். நூல் நுனியை நாக்கில் தொட்டு முறுக்கித்தான் ஊசியில் கோப்பேன். வேலைக்குத் திரும்பிய புதிதில் நாக்கில் தொட்ட நூல் பிரிபிரியாகவே நிற்கும். மிஷின் பக்கத்தில் ஒரு ஈரத்துணி வைத்துக்கொண்டேன். அடுத்த வருடத் தீபாவளி வேலை நெருக்கடியில் பழக்கதோஷத்தில் நூலை நாக்கில் வைத்தபோது நுனி கூர்மையாகச் சேர்ந்து நின்றது. முழுசாக இன்னும் வரவில்லை. ஆனால் சாப்பிடுகிறேன், பேசுகிறேன், தூங்குகிறேன்.

சாப்பாட்டை எல்லாம் மிதக்க விடுங்கள். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக் கொடுங்கள். இடியாப்பம் என்றால் தேங்காய்ப்பால். சாதத்தைக் குழைய வடித்து மோர் விட்டுப் பிசையுங்கள். ரொட்டி, பிஸ்கட், சுண்டல் இப்போதைக்கு வேண்டாம், காரமும் எரியும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பச்சோடா கலந்து வைத்துக்கொண்டு அடிக்கடி கொப்பளித்துத் துப்பட்டும். கெட்டிக் கோழை இளகி வரும். கடையில் விற்கிற, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் இன்னும் வறட்டும்.

ராத்திரிக்குச் செயற்கை எச்சில் ஜெல் கிடைக்கிறது. படுக்கும்போது நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் தடவினால் தண்ணீரைவிட அதிக நேரம் நிற்கும். சொம்பைத் தேடுவது குறைந்தால் பாத்ரூம் நடையும் குறையும். ஃபேன் நேராக முகத்தில் அடிக்காமல் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள்.

மாத்திரை உண்டு, பைலோகார்பைன் என்று பெயர். எனக்கு 5 மில்லிகிராம், மூன்று வேளை எழுதினார்கள். வியர்த்துக் கொட்டும், சிறுநீர் அடிக்கடி வரும். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம்.

பல் டாக்டர், சேலம்:

டெய்லர் அண்ணன் சொன்னதோடு சேர்த்துச் சொல்கிறேன். பைலோகார்பைன் மிச்சமிருக்கும் சுரப்பியைத்தான் தூண்டும், செத்த சுரப்பியை எழுப்பாது. கட்டுப்படாத ஆஸ்துமாவும் சில வகைக் கண் அழுத்த நோயும் இருப்பவர்களுக்கு அது ஆகாது. இதய நோய் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பல் விஷயத்தில் தாமதிக்காதீர்கள். பல் டாக்டரிடம் அளவெடுத்து மெல்லிய ட்ரே செய்து, அதில் 1.1 சதவீத சோடியம் ஃபுளோரைடு ஜெல் வைத்துத் தினமும் போட வேண்டும். இது வாழ்நாள் பழக்கம். ஆடுகிற பல்லோ சொத்தையோ இருந்தால், தாடையில் கரண்ட் வைத்ததைச் சொல்லாமல் எங்கேயும் பிடுங்கிவிடாதீர்கள். கதிர் பட்ட எலும்பில் புண் ஆறாமல் எலும்பே அழுகும் அபாயம் உண்டு, எத்தனை வருடம் கழித்தும்.

நாக்கில் வெள்ளையாகப் படிந்து எரிச்சல் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், தனி மருந்து வேண்டும். கற்கண்டுக்குப் பதில் சர்க்கரை இல்லாத சைலிட்டால் சூயிங்கம் மெல்லட்டும். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

தென்காசிப் பெண்:

ரொம்ப நன்றி. அப்பாவுக்கு இளைப்பு உண்டு, பனிக்காலத்தில் இன்ஹேலர் எடுப்பார். சளிக்கு ராத்திரி செட்டிரிசின். கழுத்து வலிக்கு அமிட்ரிப்டிலின். தம்பி கல்யாணம் ஆவணியில் வருகிறது, "நான் பந்தியில் உட்கார மாட்டேன்" என்கிறார். அதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

பல் டாக்டர், சேலம்:

இரண்டுமே வாயை வறட்டும் மாத்திரைகள். மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். அமிட்ரிப்டிலினை நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். இளைப்பைச் சொல்லாமல் பைலோகார்பைன் வாங்கவே கூடாது.

காரைக்குடி டெய்லர்:

பந்தியில் உட்காரட்டும் தங்கச்சி. நான் கூட்டமில்லாத கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சாதம் விழுந்ததுமே சாம்பாரை நிறைய விடச் சொல்லுங்கள். அப்பளம், வடையை உங்கள் இலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரசம், மோர், பாயசம் தாராளமாக இறங்கும். பாயசத்துக்கு அப்புறம் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், பந்தியில் வைக்கிற சின்ன பாட்டில் அவருக்குக் காணாது.