பிரிட்டனில் வாங்கிய பாய்மரப் படகின் பதிவை இந்தியாவுக்கு மாற்ற உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். சவுத்தாம்ப்டனில் பணிபுரியும் என் அண்ணன், அங்கே ஒருவரிடமிருந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியுள்ளார். அவர் விரைவில் ஏற்காட்டுக்கே திரும்பிவிட இருப்பதால், பதிவை இந்தியாவுக்கு மாற்றும் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன்.

படகு இப்போது பிரிட்டனின் மூன்றாம் பகுதிப் பதிவேட்டில் உள்ளது. 24 மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள கலங்களுக்கான அந்தப் பதிவேடு, ஆண்டில் 185 நாட்களாவது அந்நாட்டில் வசிப்பவர்களுக்கே உரியது. மேலும், படகு யாருடையது என்பதற்கு அது சான்றாகாது, அடமானமும் அதில் பதிவாகாது. ஆகவே, படகைக் கட்டியவர் அளித்த சான்றிலிருந்து இன்றுவரையிலான விற்பனைப் பத்திரங்களை விடுபடாமல் திரட்டுவதே எல்லாவற்றிலும் முக்கியம் என்று கருதுகிறேன். அந்த வேலையைத் தொடங்கிவிட்டோம்.

1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தில், வெளிநாட்டில் வாங்கிய கலத்துக்கு அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி தற்காலிகப் பதிவுச் சான்றிதழ் வழங்க வழி இருந்தது. ஆறு மாதங்கள் முடியும்வரை அல்லது இந்தியப் பதிவுத் துறைமுகத்தை அடையும்வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை அந்தச் சான்றிதழ் செல்லுபடியானது. 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்ட பிறகு, சொந்த உபயோகப் படகுக்கு இவ்வாறு சான்றிதழ் பெற்றவர்கள் இருந்தால், பிரிட்டன் பதிவு நீக்கச் சான்றை அதிகாரிகள் முதலிலேயே கேட்டார்களா, பின்னர் கேட்டார்களா என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். இப்பணியில் அனுபவமுள்ள வழக்கறிஞரோ சுங்க முகவரோ சேலத்திலோ சென்னையிலோ இருந்தால், ஆவணங்களுடன் நேரில் வந்து சந்திக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.