கோயம்பேடு பரவல் மாதிரி: அரியலூர் பொருந்தவில்லை, உதவி தேவை

2020 மே சென்னைக் கோயம்பேடு சந்தைக் கொரோனா பரவலுக்கு 37 மாவட்ட எஸ்இஐஆர் மாதிரி (மக்களைத் தொற்றக்கூடியவர், தொற்றியும் இன்னும் பரப்பாதவர், பரப்புபவர், மீண்டவர் எனப் பிரிப்பது), பைத்தானில். ஆர்0 (தொடக்கத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார்) 2.5, நோயரும்பும் காலம் 5 நாள், கணக்கிடும் இடைவெளி 0.1 நாள். மாவட்டங்களுக்கிடையே ஆள் நடமாட்டம் ஈர்ப்புச் சூத்திரப்படி (மக்கள்தொகை கூடினால் நடமாட்டம் கூடும், தூரம் கூடினால் குறையும்), தூர அடுக்கு 2.

செங்கல்பட்டு, திருவள்ளூர் ஒத்துவருகின்றன. மே முதல் வாரமே எகிறிய கடலூரும் அரியலூரும் மாதிரியில் வாரக்கணக்கில் பிந்துகின்றன. அரியலூர்தான் பெரிய இடி: மக்கள்தொகை குறைவு, தூரம் அதிகம், சூத்திரம் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

அடுக்கை 1-க்கு இறக்கினால் கோவையும் மதுரையும் பொய்யாக வெடிக்கின்றன. பீட்டாவை (தொற்று பரவும் வீதம்) ஏற்றினால் சென்னை உச்சம் முந்திவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின் இடப்பெயர்வு அட்டவணையில் 32 மாவட்டம்தான். அதை 37 ஆகப் பிரித்துப் போட்டும் பலனில்லை. சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் ஒருவழிப் பயணிகள், சென்னைச் சராசரியைவிட அதிகம் தொற்றுக்கு ஆளானவர்கள். காரணம் அதுவே எனத் தோன்றுகிறது.

சந்தைத் தொழிலாளர்களைத் தனிக் குழுவாக்கினால், அவர்களின் தொடக்கத் தொற்று விகிதத்தைப் பீட்டாவோடு குழம்பாமல் மதிப்பிடுவது எப்படி?